நெற்பழத்தின் பங்காளிகள்

(சந்தவாசலில் உழவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சுக்கு முன்னால் மூன்று காகித உறைகளை முன்வரிசையில் கொடுத்துவிடுகிறேன். பார்த்துவிட்டு அப்படியே பின்னால் அனுப்புங்கள். முதல் உறையில் ஒரு நெற்கதிர். இன்று காலை படவேட்டுக்குப் போகும் சாலையோரத்தில் வயல்காரரிடம் கேட்டு ஒடித்து வந்தேன். இரண்டாவதில் காய்ந்த கம்புக் கதிர். மூன்றாவதில் சாமைக் கதிர். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. மூன்றுமே நோய் கண்ட கதிர்கள். கையில் ஒட்டும் பொடியை மூக்குக்கும் வாய்க்கும் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் போகும்போது கை கழுவிக்கொண்டு போங்கள்.

நெற்கதிரைப் பாருங்கள். நல்ல மணிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மணிகள் மட்டும் உமி பிளந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருண்டு நிற்கின்றன. மேலே வெல்வெட் போலப் பொடி. இளசில் வெள்ளைத் தோல் மூடியிருக்கும். தோல் கிழிந்ததும் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, முற்றினால் கரும்பச்சை. இதைத்தான் நெற்பழம் என்கிறோம். கம்புக் கதிரில், மணி இருக்க வேண்டிய இடத்தில் எலிப்புழுக்கை போலக் கறுத்து நீண்ட முடிச்சுகள் இருக்கின்றன. முதலில் பிசுபிசுவென்று தேனாக வடிந்து, பிறகு இப்படி இறுகியவை. அதனால் அதற்குத் தேனொழுகல் என்று பெயர். சாமைக் கதிரில் மணிக்குப் பதில் சின்னச் சின்னப் பைகள்; நசுக்கினால் கரிப்பொடி. அது கரிப்பூட்டை.

இந்த மூன்றில் யாருக்கு யார் உறவு? மூன்றும் பூஞ்சைகள். ஒன்று நெல்லுக்கு, ஒன்று கம்புக்கு, ஒன்று சாமைக்கு. எந்த இரண்டு பங்காளிகள், எது வேற்று வம்சம்?

முன்வரிசையில் ஒரு ஐயா நெல்லையும் சாமையையும் காட்டுகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் மணி பொடியாகிறது. கம்பில் பொடியே இல்லை, தேன்தான். கண்ணை நம்பினால் நெற்பழமும் கரிப்பூட்டையும்தான் அண்ணன் தம்பி. 1878-இல் லண்டனில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய பூசணவியல் அறிஞரும் இதையேதான் நினைத்தார்.

அவர் பெயர் மொர்டிகாய் க்யூபிட் குக். லண்டன் இந்தியா அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தவர். இந்தியாவிலிருந்து போகும் பூஞ்சை மாதிரிகள் அவர் மேசைக்கு வரும். அப்படிப் போனவற்றில் ஒன்று நம் திருநெல்வேலிச் சீமையின் நெற்கதிர். குக் அதைப் பார்த்து, தாமே நடத்திவந்த ‘கிரெவில்லியா’ இதழில் உலகத்துக்கு அறிவித்தார். கரிப்பூட்டைகளுக்கு உரிய ‘உஸ்டிலாகோ’ என்ற பெயரை வைத்து, பச்சை நிறத்தைக் குறிக்கும் ‘வைரன்ஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தார். பச்சைக் கரிப்பூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று சீனாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நெல்லை வாட்டுகிற ஒரு நோயின் முதல் அறிவியல் பதிவு தமிழ்நாட்டுக் கதிரிலிருந்து எழுதப்பட்டது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

பெயர் வைத்த கொஞ்ச காலத்திலேயே சந்தேகம் வந்தது. ஜெர்மானியரான பிரெஃபெல்ட் பூஞ்சை வித்துகளை முளைக்க வைத்துப் பார்ப்பதில் கைதேர்ந்தவர். கரிப்பூட்டை வித்து முளைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. நெற்பழத்தின் வித்து அப்படி முளைக்கவில்லை. சில உருண்டைகளுக்குள் கறுத்துக் கடினப்பட்ட முடிச்சு ஒன்றும் இருந்தது. கரிப்பூட்டைக்கு ஏது முடிச்சு? கம்பில் பார்த்தீர்களே, அந்த இனத்துக்குத்தானே முடிச்சு! இந்த முடிச்சு மண்ணில் கிடந்து, ஈரம் பட்டால் காம்பு விட்டு, காம்பின் நுனியில் தீக்குச்சித் தலை போல ஒரு உருண்டை வைக்கும். அதிலிருந்து வித்துகள் காற்றில் பாயும். தேனொழுகல் இனத்தின் குலவழக்கம் இது.

ஆகவே ‘உஸ்டிலாகோவைப் போன்றது’ என்று பொருள் வரும்படி ‘உஸ்டிலாஜினாய்டியா’ என்ற புதுப் பெயர் வந்தது. 1896-இல் தகாஹாஷி என்ற ஜப்பானியர் குக் வைத்த ‘வைரன்ஸ்’ஐ அதோடு சேர்த்தார். நடுவில் வேறு பெயர்களும் வந்து போயின. அந்தக் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். இன்றும் நிலைத்திருப்பது உஸ்டிலாஜினாய்டியா வைரன்ஸ்தான். ஆங்கிலத்தில் இதைப் பொய்க் கரிப்பூட்டை என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

இப்போது மரபணுவைப் படிக்கிற காலம். அது தரும் விடை தெளிவாக இருக்கிறது. பூஞ்சை உலகத்தில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. மழைக்குப் பின் புற்றோரத்தில் முளைக்கும் காளான் ஒரு கிளை. கள் பானையில் நுரை கட்டும் ஈஸ்ட் மற்றொரு கிளை. சாமைக் கரிப்பூட்டை காளான் கிளையைச் சேர்ந்தது. நெற்பழமும் தேனொழுகலும் ஈஸ்ட் கிளையில், அதற்குள்ளும் ஒரே குடும்பத்தில், கிளாவிசெப்ஸ் குடும்பத்தில் நிற்கின்றன. அந்த இரண்டு பெரிய கிளைகளும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு நெல்லும் இல்லை, கம்பும் இல்லை, உலகத்தில் புல்லே இல்லை. ஐயா, நீங்கள் காட்டிய இரண்டும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்ட அந்நியர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரிகிற இந்த உருண்டையும் அந்த எலிப்புழுக்கையும்தான் பங்காளிகள்.

முகத்தில் சாயல் இல்லாத பங்காளிகளை எப்படி அடையாளம் காண்பது? நடத்தையில் பார்க்க வேண்டும். இரண்டும் பூவை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நெற்பூவை நம்மில் பலர் உற்றுப் பார்த்திருக்க மாட்டோம். காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் உமியின் இரண்டு மடல்களும் கொஞ்சம் விலகும். உள்ளேயிருந்து ஆறு மகரந்தப்பைகள் மெல்லிய கம்பிகளில் தொங்கியபடி வெளியே வரும். நடுவில் சூலகம், அதன் தலையில் இறகு போல இரண்டு சூல்முடிகள். மகரந்தம் விழுந்து முடிந்ததும் மடல்கள் மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற கல்யாணம் அது. அதன் பிறகு உள்ளே பால் பிடிக்கிறது, அரிசியாகிறது.

நெற்பழப் பூஞ்சை இந்தக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே வந்துவிடுகிறது. கதிர் இன்னும் வெளியே வரவில்லை. பொதிப் பருவம், தொண்டைக் கதிர். அந்த நேரத்தில் மழை தூறிக்கொண்டிருந்தால், கண்ணாடி இலையின் உறைக்குள் தண்ணீரோடு வித்துகளும் இறங்கும். அவை முளைத்து இழையாக நீண்டு, உமியின் இரண்டு மடல்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாக உள்ளே நுழையும். உள்ளே போனதும் எதைப் பிடிக்கிறது? சூலகத்தை அல்ல. மகரந்தம் தாங்கும் அந்த மெல்லிய கம்பியைப் பிடிக்கிறது. இதைச் சீன ஆய்வாளர்கள் 2013 வாக்கில் நுண்ணோக்கியில் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். கம்பி போனால் மகரந்தம் இல்லை. மகரந்தம் இல்லையென்றால் சூல் கட்டாது. பூ திறக்கவே திறக்காது. சூலகம் சாகாமல், கன்னியாகவே உள்ளே இருக்கும்.

சூல் கட்டாத பூவுக்குச் செடி சோறு போடாது. பதராக விட்டுவிடும். ஆனால் பூஞ்சை புகுந்த பூவை நெற்பயிர் பதர் என்று தள்ளிவைப்பதில்லை. மணி பால் பிடிக்கும்போது எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்யுமோ, மாவுச்சத்தையும் புரதத்தையும் சேர்க்கிற அதே மரபணுக்கள், சூல் கட்டாத இந்தப் பூவிலும் வேலை செய்யத் தொடங்குகின்றன. சூல் கட்டிவிட்டது என்று பயிர் ஏமாறுகிறது. மணிக்குப் போக வேண்டிய சர்க்கரையெல்லாம் இங்கே வந்து இறங்குகிறது. பூஞ்சை தின்று கொழுத்து, உமியைப் பிளந்துகொண்டு உருண்டையாக வெளியே வருகிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர் வழக்கு இதை நோய் என்று சொல்லாமல் பழம் என்று சொன்னதே! குக் இதைக் கரி என்றார். உழவர் பழம் என்றார். பழம் என்றால் என்ன? செடி தன் சூலகத்துக்கு ஊட்டி ஊட்டி வளர்ப்பது. பயிரைக் கேட்டால் அதுவும் பழம் என்றுதான் சொல்லும். நுண்ணோக்கி இல்லாதவர்கள் வைத்த பெயரில் இவ்வளவு உண்மை இருந்திருக்கிறது.

இனி கம்புக்கு வருவோம். கம்புப் பூவின் வழக்கம் வேறு. கம்பில் பெண் முந்தும். கதிர் வெளிவந்ததும் முதலில் சூல்முடிகள் வெள்ளி இழைகளாக நீட்டிக்கொள்ளும். மகரந்தம் அதே கதிரில் வெளியே வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை சூல்முடி பக்கத்துக் கதிரின் மகரந்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். தேனொழுகல் பூஞ்சைக்கு இந்த இரண்டு மூன்று நாள்தான் வாசல். மானம் மூடி, தூறலாக இருந்தால் மகரந்தம் பறக்காது. பூஞ்சை வித்து மட்டும் வரும். மகரந்தம் போகிற அதே பாதையில், சூல்முடி வழியாக, சூலகத்துக்குள் இறங்கும். மகரந்தம் முந்திக்கொண்டால் சூல்முடி சீக்கிரத்தில் வாடிச் சுருங்கி வாசலை அடைத்துவிடும். பிறகு பூஞ்சைக்கு வழியில்லை.

1965-இல் எச்.பி.1 என்ற முதல் வீரிய ஒட்டுக் கம்பு வெளிவந்து, அதன் பின்னால் பல ஒட்டு ரகங்கள் வந்தன. விளைச்சல் கூடியது. கூடவே தேனொழுகலும் கூடியது. காரணம் இந்த வாசல்தான். நாட்டுக் கம்பு வயலில் ஒரு பயிர் முந்தும், ஒரு பயிர் பிந்தும். எந்த நாளிலும் எங்காவது மகரந்தம் பறந்துகொண்டிருக்கும். ஒட்டுக் கம்பு ஒரே நாளில் கதிர் தள்ளும். எல்லாச் சூல்முடிகளும் ஒன்றாகத் திறந்து நிற்க, மகரந்தம் எங்கும் இல்லாத நாட்கள் வந்துவிடுகின்றன. நான் ஒட்டு ரகத்துக்கு எதிரி இல்லை. அது பல வீட்டில் பசியாற்றியது. ஆனால் வயலில் இருந்த அந்த முன்பின் ஒழுங்கின்மைக்கும் ஒரு காவல் வேலை இருந்தது என்பதை நாம் பிந்தித்தான் கற்றுக்கொண்டோம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெற்பழம் ஆண் உறுப்பைப் பிடிக்கிறது. தேனொழுகல் பெண் உறுப்பு வழியாகப் போகிறது. ஒன்று மகரந்தத்தை வரவிடாமல் செய்கிறது. மற்றொன்று மகரந்தத்தை முந்தி ஓடுகிறது. வழி நேர் எதிர். நோக்கம் ஒன்றேதான்: சூல் கட்டுவதற்குள் பூவைப் பிடித்து, மணிக்கு வரும் பாலைத் தான் குடிப்பது. இலையில் புள்ளி போடவோ தண்டை அழுகவைக்கவோ இவை மெனக்கெடுவதில்லை. நடத்தையில் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது இதைத்தான்.

நுழைந்த பின் செய்வதில் மறுபடியும் வேறுபாடு. நெற்பழம் பொடியாகக் காற்றில் போகும். கம்புப் பூஞ்சை சில நாட்களிலேயே பூவிலிருந்து இனிப்பு நீரை வடியவிடும். அந்தத் தேனில் இலட்சக்கணக்கில் வித்துகள். ஈயும் எறும்பும் வந்து நக்கிவிட்டு அடுத்த கதிருக்குக் கொண்டுபோகும்; மழைத்துளி தெறித்தும் பரவும். பிறகு தேன் நின்று, முடிச்சு இறுகும். களத்தில் அந்த முடிச்சு தானியத்தோடு கலக்கும்.

அதில் நஞ்சு உண்டு. ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வருகிற இதன் இன்னொரு உறவு எர்காட். இடைக்காலத்தில் அது கலந்த ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கைகால் கறுத்து அழுகி விழுந்தது. புனித அந்தோணியார் நெருப்பு என்று அந்த நோயை அழைத்தார்கள். நம் கம்புப் பூஞ்சை வேறு இனம். கிளாவிசெப்ஸ் ஃபியூசிஃபார்மிஸ் என்று 1967-இல் லவ்லெஸ் அதற்குப் பெயரிட்டார். நஞ்சும் கொஞ்சம் வேறு. 1975-இல் ராஜஸ்தானில் இந்த முடிச்சு கலந்த கம்பைச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், நாள் முழுக்கத் தூக்க மயக்கம் என்று வந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அதை ஆராய்ந்து பதிவுசெய்தார்கள். கைகால் அழுகல் அங்கே வரவில்லை. நெற்பழத்திலும் உஸ்டிலாக்சின் என்ற நஞ்சுகள் உண்டு. உயிரணு பிரிவதையே தடுக்கக்கூடியவை. எனவே நெற்பழம் நிறைய விழுந்த வயலின் வைக்கோலையும் தூற்றலில் ஒதுங்கும் தூசுப் பதரையும் மாட்டுக்குப் போட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

நஞ்சுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரை எர்காட்டிலிருந்து 1935-இல் எர்கோமெட்ரின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காமல் உதிரம் கொட்டுகிற தாயைக் காப்பாற்றும் மருந்து. அதன் வழிவந்த ஊசி மருந்து இன்றும் பிரசவ அறைகளில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம் நீலகிரியில் ரை விதைத்து, அந்தக் கதிருக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றி, எர்காட்டை அறுவடை செய்தார்கள். சென்னை மாகாண வேளாண்மைத் துறையின் கே.எம்.தாமஸும் டி.எஸ்.ராமகிருஷ்ணனும் இதைப் பற்றி 1942-இல் எழுதினார்கள். பயிருக்கு நோய் வராமல் காப்பதே தொழிலாகக் கொண்ட இருவர், தாய்மாரைக் காக்க ஒரு நோயைப் பயிர்செய்தார்கள். அவர்கள் குழுவே 1945-இல், தென்னிந்தியப் புல்வகைகளில் இயற்கையாக வரும் எர்காட்டுகளையும் தேடி எழுதியது. நம் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவை.

மூன்றாவது பங்காளி ஒருவரை இன்னும் அறிமுகம் செய்யவில்லை. இங்கே தென்னை வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சைப் பொடி போட்டவர்கள்? சரி. அந்தப் பொடி போட்ட குழியில் செத்த புழுவின் மேல் பச்சைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சையையும் முற்றிய நெற்பழத்தின் பச்சையையும் இனிமேல் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். 2014-இல் நெற்பழப் பூஞ்சையின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். அதில் அது மெட்டாரைசியத்துக்கு நெருங்கிய உறவாக நின்றது. பூச்சியைக் கொல்கிற பூஞ்சையும் நெல்லைப் பிடிக்கிற பூஞ்சையும் ஒரே குடும்பம்! இந்தக் குடும்பத்தின் முன்னோர்கள் பூச்சிகளைத் தின்று வாழ்ந்தவர்கள், பிறகே சில கிளைகள் புல்லுக்குத் தாவின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மெட்டாரைசியத்தை 1879-இல் ஒடேசாவில் கோதுமை வண்டுகளின் உடலில் கண்டு விவரித்தவர் மெச்னிகாஃப். குக் நெற்பழத்துக்குப் பெயரிட்ட அடுத்த வருடம். ஒருவர் திருநெல்வேலிக் கதிரைக் கையில் வைத்திருந்தார், ஒருவர் கருங்கடல் ஓரத்து வண்டை வைத்திருந்தார். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு பங்காளியை நாம் காசு கொடுத்து வாங்கி எருக்குழியில் போடுகிறோம். மற்றவனுக்கு மருந்து அடிக்கிறோம்.

நெற்பழம் விழுந்தால் லட்சுமி வந்தாள் என்று சொல்லும் வழக்கம் உண்டு. லட்சுமி நோய் என்றே ஒரு பெயர் இருக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நல்ல மழை, ஈரக் காற்று, செழித்த பயிர், இவை கூடிய வருடத்தில்தான் இந்தப் பூஞ்சை தலைகாட்டும். அந்த வருடத்தில் விளைச்சலும் நன்றாக இருந்திருக்கும். பார்த்தது சரி. அன்றைக்குக் கதிருக்கு ஒன்று இரண்டு பழம், யாருக்கும் நட்டமில்லை. இன்று நாம் யூரியாவைக் கூட்டி அந்தச் செழிப்பைச் செயற்கையாகக் கொண்டுவருகிறோம். கதிருக்கு எட்டு, பத்து என்று பழம் விழும்போது பக்கத்து மணிகளும் பதராகின்றன. லட்சுமி என்று கும்பிட்டுக்கொண்டிருந்தால் மூட்டை குறையும்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. பழம் கண்ணில் பட்ட பின் ஓடிப்போய் மருந்து வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வீண் செலவு. பூஞ்சை உள்ளே போனது பொதிப் பருவத்தில். உங்களுக்குத் தெரியும்போது அதன் வேலை முடிந்துவிட்டது. போன பருவத்தில் பழம் விழுந்த வயல் என்றால், கண்ணாடி இலை வரும்போது ஒருமுறை, பாதிப் பூக்கும்போது ஒருமுறை, மாலை நேரத்தில் அடிக்க வேண்டும். காப்பர் ஹைட்ராக்சைடு என்றால் ஹெக்டேருக்கு 1.25 கிலோ, புரோபிகோனசோல் என்றால் 500 மில்லி. அதற்கும் முன்னால், தழைச்சத்தைக் குறைத்துப் பிரித்துப் போடுங்கள். பழம் விழுந்த வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள்.

கம்புக்கு மருந்தே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பு கரைத்தது. இந்தப் பையில் தேனொழுகல் கலந்த கம்பு விதை. உப்புத் தண்ணீரில் கொட்டினால் நல்ல விதை அடியில் தங்கும்; கறுத்த முடிச்சும் பொக்கு விதையும் மேலே மிதக்கும். மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவி நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் வாருங்கள். ஒருவர் கொட்டுங்கள், ஒருவர் கலக்குங்கள், மிதக்கிற முடிச்சுகளை எண்ணிச் சொல்லுங்கள்.